குமாரண்ணையின் மதில்

யோகன் இரும்பு அலவாங்கைத் தோளில் சாய்த்தபடி இடுப்பளவு தண்ணீரில் நின்றான். மழை அவன் தலையில் விழுந்து மூக்கு நுனியால் ஒழுகிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஆறடி உயரச் சீமெந்துக் கல் மதில். மதிலுக்கு இந்தப் பக்கம் வெள்ளம் தேங்கி நின்றது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் நனைந்த புற்றரை, அவ்வளவுதான்.

"மாஸ்ரர், சொல்லுங்கோ. நாலு குத்திலை திறந்து விடுறன்."

என் வலக்கையில் குடை. இடக்கையில் பொலித்தீன் பையில் சுற்றிய போன். மதிலைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன்.

"பொறு தம்பி. குமாரண்ணையை ஒரு சொல்லுக் கேப்பம்."

யோகன் அலவாங்கைத் தோள் மாற்றினான். எங்கள் ஊர் மேசன் அவன். அந்த மதிலைக் கட்டியதும் அவன்தான்.

கார்த்திகை மாதம், மூன்றாவது நாளாக விடாத மழை. கடலில் புயல் நிற்கிறது என்று வானொலி சொல்லிக்கொண்டேயிருந்தது. நீர்வேலிப் பக்கம் வாழைத்தோட்டங்கள் படுத்துவிட்டன என்று முதல் நாளே கதை வந்திருந்தது. கரண்ட் இல்லை. தண்ணீரில் மண்ணெண்ணெய் மணமும் கோழிக்கூட்டு நாற்றமும் கலந்து வந்தன.

விஷயம் இதுதான். எங்கள் ஒழுங்கையின் முடிவில் ஒரு பள்ளக்காணி. அதில் ஏழு வீடுகள். மேட்டுத் தோட்டங்களில் விழுகிற மழை முழுவதும் அந்தப் பள்ளத்துக்குத்தான் இறங்கும். முன்பெல்லாம் அது வெள்ளவாய்க்கால் வழியாகக் குமாரண்ணையின் வளவைத் தாண்டித் தரவை வெளிக்குப் போய்விடும். மதில் வந்த பிறகு போக வழியில்லை. மதிலுக்கு மிகக் கிட்டவாக இருந்தது சாந்தினியின் வீடு. அதற்குள்ளே அவளுடைய கணவர் தேவன், தென்னையால் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல், மூன்று வருடமாகக் கட்டிலில் கிடந்தார். வெள்ளம் அந்த வீட்டுக்குள் போய்விட்டது.

மதிலைத் திறந்தால் தண்ணீர் வடியும். வடிகிற தண்ணீர், தை மாதத்தில் மகளின் கலியாணத்துக்கென்று குமாரண்ணை கட்டி முடித்திருந்த புது வீட்டுக்குள்ளால்தான் போகும். ஒரு சொல்லுச் சொல்ல வேண்டியவன் நான். எங்கள் சனசமூக நிலையத்தின் தலைவர்.

தலைவரான கதை

இந்தப் பத்திரிகையில் என் சென்ற வாரக் குறிப்பைப் படித்த வாசகர் ஒருவர், "பென்சன் எடுத்த உப தபாலதிபர் எப்படித் தலைவரானார் என்பதை ஏன் தாண்டிப் போனீர்கள்?" என்று கேட்டு எழுதியிருந்தார். தாண்டவில்லை ஐயா, தள்ளிப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான்.

எங்கள் ஊரில் இரண்டு பகுதி. கோயில் பகுதி, பள்ளிக்கூடப் பகுதி. இரண்டு பகுதியும் ஒரே வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்தே பல வருடம். தலைவர் தெரிவு வந்தபோது இரண்டு பக்கமும் ஒவ்வொருவரை நிறுத்தி, சண்டை பிடித்து, களைத்து, கடைசியில் இரண்டு பகுதியோடும் கதைக்கிற ஒரே மனிதன் யார் என்று தேடினார்கள். முப்பத்தைந்து வருடம் மற்றவர்களுடைய கடிதங்களுக்கு முத்திரை குத்திவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்த நான் அகப்பட்டேன்.

பெருமையோடு வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி ராணி குசினிக்குள் நின்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது.

"உங்களை ஏன் தெரிஞ்சவை தெரியுமோ? நீங்கள் ஒரு முடிவும் எடுக்க மாட்டியள் எண்டு ரெண்டு பகுதிக்கும் நல்லாத் தெரியும்."

அவள் சொன்னது உண்மை. ஊரில் எனக்குப் 'பாப்பம் மாஸ்ரர்' என்று ஒரு பெயர் இருந்தது. எவன் வந்து எதைக் கேட்டாலும் "பாப்பம்" என்பேன். அதில் ஒரு சுகம் இருக்கிறது. வந்தவன் கோபிக்காமல் போவான். நானும் மாட்டேன் என்று சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை.

வாசிகசாலைக்கு நிறம் பூசிய கதையைக் கேளுங்கள். நீலமா மஞ்சளா என்று ஒரு கேள்வி. நான் அதைப் போன் குழுவில் போட்டேன். எங்கள் ஊர்ச் சனத்தில் பாதி வெளியில். நாலு நாட்டிலிருந்து வாக்கு வந்தது. நீலத்துக்கு ஒரு நாள் கூடும், மஞ்சளுக்கு மறு நாள் கூடும். ஏழு மாதம் போன பிறகு வெள்ளை பூசினோம். வெள்ளையை ஒருவரும் கேட்கவில்லை என்பதால் ஒருவரும் தோற்கவில்லை. "மாஸ்ரரின்ரை மூளை" என்று என்னைப் பாராட்டினார்கள். எனக்கும் தலைகால் தெரியவில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கேட்காமல் ஒன்றைச் செய்துவிட்டால், செய்தது நல்லதா கெட்டதா என்ற கதையே எழாது. "என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை" என்ற கதைதான் எழும். அதற்காகக் கலியாண வீட்டுக்கு வராமல் நிற்பார்கள். செத்த வீட்டுக்கு வந்து முகம் பார்க்காமல் போவார்கள். முன்பு கேட்க வேண்டிய ஆட்கள் நாலு வீடு தள்ளி இருந்தார்கள். இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். ஆட்கள் தூரப் போனார்களே தவிர, கேட்கிற வழக்கம் அப்படியே இருக்கிறது.

ஆறு அங்குலக் குழாய்

மதில் வந்தது அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னர்.

குமாரண்ணை என்னைவிட ஐந்து வயது மூப்பு. ரொறன்ரோவில் இருபத்தெட்டு வருடம். வாசிகசாலைக் கூரை அவருடைய உபயம். தலைவர் தெரிவில் என் பெயரை முதலில் சொன்னவரும் அவர்தான், போனில். ஊருக்கு வந்து நின்ற ஒரு ஆடி மாதம், தனக்கும் லண்டனிலிருக்கும் தம்பிக்கும் பங்கான அந்த வளவைச் சுற்றி மதிலுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்.

ஒரு பின்னேரம் சாந்தினி என் வீட்டுக் கேற்றில் வந்து நின்றாள். கையில் சவர்க்கார நுரை காயவில்லை. வேலைக்குப் போன வீட்டிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும்.

"மாஸ்ரர், வெள்ளவாய்க்காலை மறிச்சு அத்திவாரம் வெட்டுகினம். மாரிக்குத் தண்ணி எங்காலை போறது? எழும்பி ஓடேலாத மனிசனை வைச்சிருக்கிறன்."

"பாப்பம் பிள்ளை."

குமாரண்ணையிடம் போனேன். "என்ரை காணிக்குள்ளை நான் மதில் கட்டுறன், பாலன். பத்து வருசமா உந்த வாய்க்காலிலை தண்ணி ஓடி நீ கண்டனியோ?" என்றார். உண்மைதான், அந்த வருடங்களில் மழை குறைவு. அவர் வாசிகசாலைக் கூரையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமலே அது எனக்கு ஞாபகத்துக்கு வந்தது.

நான் என்ன செய்தேன்? நடுவாலே ஒரு வழி கண்டுபிடித்தேன். மதிலின் அடியில் ஆறு அங்குலக் குழாய் ஒன்று வைப்பது. தண்ணீரும் போகும், மதிலும் நிற்கும். பாம்பு வந்துவிடும் என்று குமாரண்ணை குழாயின் வாய்க்குக் கம்பிவலை அடிக்கச் சொன்னார். அதற்கும் சரி என்றேன். நிர்வாகக் குழுவில் பதினொரு பேர். பதினொரு பேரும் சந்தோஷமாகக் கையுயர்த்தினார்கள். அந்தப் பதினொரு பேரில் பள்ளக்காணி ஆள் ஒருவர்கூட இல்லை. அது எங்கள் ஒருவருடைய கண்ணிலும் படவில்லை. பட்டும் படாதது போல இருந்தோம் என்று எழுதினால் இன்னும் நேர்மையாக இருக்கும்.

யோகன் மட்டும் சாந்து குழைத்தபடி முணுமுணுத்தான். "மாஸ்ரர், ஒரு வாய்க்கால் தண்ணியை உந்தக் குழாய்க்குள்ளாலை விடப் பாக்கிறியள்."

"நீ மேசன், எஞ்சினியர் இல்லை," என்று சொன்னேன். அந்தச் சொல்லுக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

வெள்ளத்தன்று குழாயின் வலையில் பன்னாடையும் பொலித்தீன் பையும் சேர்ந்து இறுகிப்போயிருந்தன. யோகன் மூன்று தரம் மூழ்கி இழுத்துப் பார்த்தான். ஒரு கைப்பிடி சேறுதான் வந்தது.

தூக்குவதா, உடைப்பதா

அன்றைக்குச் சாந்தினி எனக்குப் போன் எடுத்தபோது நான் மெழுகுதிரி வெளிச்சத்தில் பல்லுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"மாஸ்ரர், வீட்டுக்குள்ளை தண்ணி வந்திட்டுது. இவரைத் தூக்க ஆக்கள் வேணும். கெதியா வாங்கோ."

வெளிக்கிட்டபோது ராணி குடையைக் கையில் தந்து சொன்னாள். "அங்கை போயும் பாப்பம் எண்டு நிக்காதேங்கோ."

நான் போய்ச் சேர முதலே யோகன் அங்கே நின்றான். எனக்குப் பின்னால் எங்கள் செயலாளர் சிவநேசன் மழைக்கோட்டோடு வந்தார். மதிலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகத்தான் உள்ளே போக முடிந்தது. அந்த வழியால் கட்டிலைக் கொண்டுவர இயலாது. ஒழுங்கைப் பக்கத்து வழி அகலம், ஆனால் அங்கே சுற்றுக்கட்டு இல்லாத பழைய தோட்டக் கிணறு ஒன்று. வெள்ளத்துக்குள் அதன் வாய் எங்கே என்று தெரியவில்லை. முருங்கை மரத்திலிருந்து நாலு எட்டு என்று சாந்தினி சொன்னாள். முருங்கை இரவே சரிந்துவிட்டது.

ஆகவே இரண்டு வழி. நாலு பேரைப் பிடித்து, கிணற்றுக்குப் பயந்து பயந்து, தேவனைத் தூக்கிக்கொண்டு வருவது. அல்லது மதிலை உடைத்து முதலில் தண்ணீரை இறக்குவது. இரண்டுமே செய்யக்கூடியவை. நான் இரண்டையும் செய்யாமல் போனைத் திறந்தேன்.

குமாரண்ணை இரண்டாவது மணியிலேயே எடுத்தார். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். கோப்பையில் கரண்டி படுகிற சத்தமும் தொலைக்காட்சிச் சத்தமும் கேட்டன. வீடியோவில் வெள்ளத்தைக் காட்டினேன்.

"முழங்கால் அளவுதானே, பாலன்?"

"இல்லையண்ணை, யோகனைப் பாருங்கோ, இடுப்புக்கு நிக்குது. மதிலிலை ஒரு துண்டை உடைக்க வேணும்."

கரண்டிச் சத்தம் நின்றது.

"உடைச்சால் வெள்ளம் எங்காலை போகும்?"

"உங்கடை வளவுக்குள்ளாலை."

"வீட்டுக்குள்ளையோ?"

"போகத்தான் பாக்கும்."

தொலைக்காட்சிச் சத்தமும் அடங்கியது. பிறகு, "காணி தம்பியின்ரை பேரிலையும் கிடக்கு. அவனைக் கேளாமல் நான் ஓம் எண்டு சொல்லேலாது. பொறு, அவனை எடுக்கிறன்," என்றார்.

லண்டனில் அப்போது நடுச்சாமம். தம்பி போனை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார். குமாரண்ணை திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டேயிருந்தார். இடையில் விஷயத்தை ஊர்க் குழுவிலும் போட்டுவிட்டார். என் போன் கையில் கிடந்து துடிக்கத் தொடங்கியது. "முதலிலை அறிவிக்க வேண்டிய இடத்துக்கு அறிவிச்சனீங்களோ?" "இன்னும் ரெண்டு படம் போடுங்கோ, தெளிவில்லை." "ஒரு வாக்கெடுப்பு வைப்பம்." ஒருவர் கும்பிடுகிற கை ஒன்றை மட்டும் அனுப்பியிருந்தார்.

"மாஸ்ரர், எதுக்கும் ஒரு கடிதம் எழுதி ரெண்டு பேர் கையெழுத்து வைச்சால் நல்லதெல்லோ?" என்றார் சிவநேசன். மழைக்கோட்டுக்குள் கொப்பி கொண்டுவந்திருந்தார்! நான் அதை நினைத்துச் சிரிக்க முடியாது. அந்தக் கணத்தில் எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது.

யோகன் மதிலைக் காட்டினான். "மாஸ்ரர், வரேக்கை மூண்டாவது கல்லுவரி தெரிஞ்சது. இப்ப நாலாவதும் தாழுது."

சாந்தினி வாசலில் தோன்றினாள். பாவாடையைச் சொருகியிருந்தாள். கண்ணில் அழுகை இல்லை, ஆத்திரம் இருந்தது.

"இன்னும் கதைக்கிறியளோ?"

"அஞ்சு நிமிசம் பிள்ளை. லண்டன் எடுக்குதில்லை."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு தபால் பைகள்

அந்த ஐந்து நிமிடத்துக்குள் எனக்கு ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது. வந்திருக்கக்கூடாத நேரத்தில் வந்தது.

யுத்தத்தில் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிய அந்தப் பெரிய இடம்பெயர்வின்போது நான் ஒரு சின்னத் தபாற்கந்தோருக்குப் பொறுப்பாக இருந்தேன். இரண்டு பை கடிதங்கள் பிரிக்காமல் கிடந்தன. பல வாரம் வழி அடைபட்டு, அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவை.

பியோன் நல்லையா சைக்கிளோடு வாசலில் நின்றார். "ஐயா, உந்தப் பை ரெண்டையும் கரியரிலை கட்டுவமே? போற வழியிலை கண்ட ஆக்களுக்குக் குடுப்பம்."

பதிவுத் தபால் பையை உத்தரவில்லாமல் கந்தோரை விட்டு வெளியே எடுக்கக்கூடாது. அது சட்டம். பெரிய கந்தோருக்குப் போன் எடுத்துப் பார்த்தேன். இழை செத்துக் கிடந்தது. "பொறுங்கோ நல்லையா, ஒரு உத்தரவு வரட்டும்," என்றேன். நல்லையா பின்னேரம் வரைக்கும் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். பிறகு நான் கதவைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு சனத்தோடு நடந்தேன்.

திரும்பி வந்தபோது பூட்டும் இல்லை, கதவும் இல்லை. கடிதங்கள் எங்கே போயின என்று தெரியாது. கொழும்பிலிருந்து மகன் எழுதியிருப்பான் என்று ஒரு தாய் இரண்டு வருடம் என்னிடம் வந்து கேட்டாள். "உத்தரவு வரேல்லை அம்மா" என்று இரண்டு வருடமும் அதே பதிலைச் சொன்னேன். நல்லையா ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அந்தச் சைக்கிள் கரியர் இரண்டு பையைத் தாங்கியிருக்கும் என்று எனக்கும் அவருக்கும் தெரியும்.

"மெய்யாவோ?"

வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் இல்லை, வெறும் அலறல்.

யோகன் அலவாங்கை மதிலில் சாத்திவிட்டுப் பாய்ந்தான். நான் போனைச் சிவநேசனிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போனேன். குடை எங்கே போனது என்று தெரியவில்லை.

கட்டிலைச் செங்கல்லில் உயர்த்தி வைத்திருந்தாள் சாந்தினி. ஒரு பக்கத்துக் கல் புரண்டு கட்டில் சரிந்திருந்தது. தேவன் தண்ணீருக்குள் கிடந்தார். அவருடைய தலையை மட்டும் தன் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். எவ்வளவு நேரம் அவர் முழுவதாகத் தாழ்ந்திருந்தார் என்று அவளுக்கும் தெரியவில்லை. யோகனும் நானும் பிடித்து மேசையில் ஏற்றினோம். உயிருள்ள உடம்பின் பாதி அவ்வளவு பாரமாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சேற்றுத் தண்ணீராக இருமினார். கடைசியில் கண்ணைத் திறந்து என்னைக் கண்டார்.

"மாஸ்ரரோ?" என்றார். ஒரு விருந்தாளியைக் கேட்பது போலக் கேட்டார்.

  மதிலடிக்குத் திரும்பி நடந்தபோது எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

சிவநேசன் போனை நீட்டினார். "குமாரண்ணை லைனிலை நிக்கிறார். தம்பி இன்னும் எடுக்கேல்லையாம்."

வாங்கினேன்.

"அண்ணை, நான் இப்ப கேக்கேல்லை. சொல்லுறன். மதிலை உடைக்கிறம்."

"பாலன், பொறு, ஒரு நிமிசம்..."

அணைக்கக்கூடத் தோன்றவில்லை. போனை அப்படியே சேர்ட் பைக்குள் போட்டேன்.

"யோகன், உடை."

யோகன் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டான். "மாஸ்ரர், மெய்யாவோ?"

அந்த ஒரு கேள்வியில் ஊர் என்னை எப்படி வைத்திருந்தது என்பது முழுக்க இருந்தது. "மெய்யாத்தான்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

தான் கட்டிய மதிலில் எங்கே இளக்கம் என்று கட்டினவனுக்குத் தெரியும். இரண்டு தூணுக்கு நடுவில் மூன்று குத்து. நாலாவது குத்தில் ஒரு கல் அந்தப் பக்கம் விழுந்தது. அந்த ஓட்டைக்குள்ளால் தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. "தள்ளி நில்லுங்கோ!" என்று யோகன் கத்தினான். பத்தடி நீளத் துண்டு அப்படியே சாய்ந்து, நீருக்குள் மறைந்தது.

வெள்ளம் புற்றரையை மூடி, படியேறி, விறாந்தைக்குப் போனது. முன்கதவில் சுற்றிய பொலித்தீனைக்கூட இன்னும் கழற்றியிருக்கவில்லை. கதவு கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்தது. பிறகு திறந்துகொண்டது. உள்ளே கதிரைகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்டது. என் சேர்ட் பைக்குள்ளிருந்து "பாலன்... பாலன்..." என்று குமாரண்ணை கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கால் மணித்தியாலத்தில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. விழுந்த முருங்கைக்குப் பக்கத்தில் கிணற்றின் வாய் வட்டமாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆட்களும் சேர்ந்து தேவனை வாங்கில் கிடத்தித் தூக்கினோம். றோட்டில் ஒரு உழவு இயந்திரம் பிடித்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். சாந்தினி உழவு இயந்திரப் பெட்டிக்குள் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு

மூன்றாம் நாள் குமாரண்ணை போன் எடுத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்துக் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். அவர் ஆறுதலாகக் கதைத்தார்.

"பாலன், நீ கேட்டபடியால்தான் எனக்கு யோசிக்க வேண்டி வந்தது. கேளாமல் உடைச்சுப்போட்டுச் சொல்லியிருந்தால் ரெண்டு நாள் கத்தியிருப்பன். பேந்து சரியெண்டு விட்டிருப்பன். ஒரு மனிசன் உள்ளை கிடக்கேக்கை என்ரை ரைல்சைப் பற்றி யோசிச்சவன் எண்டு இனி நான் இருக்க வேணும். உன்ரை பாரத்தைக் கொண்டுவந்து என்ரை தலையிலை வைச்சிட்டாய்."

 கேட்பது மரியாதை என்று அறுபது வருடம் நினைத்திருந்தேன். பல நாள் அது மரியாதைதான். அன்றைக்கு நான் கேட்டது, பிழை வந்தால் என் தலையில் விழக்கூடாது என்பதற்காக. அந்த மனிதருக்கு அது ரொறன்ரோவில் இருந்தே தெரிந்துவிட்டது.

தேவனுக்கு நெஞ்சில் சளி கட்டி, பத்தாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே உயிர் போனது. "படுத்த படுக்கையா இருந்த உடம்பு, எப்பவோ வரவேண்டியது" என்று செத்த வீட்டில் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் என்னைத் தேற்றத்தான் சொன்னார்கள். நான் தேறவில்லை.

ஆனால் ஊர் என்னை வேறொரு ஆளாக்கிவிட்டது. மருதனார்மடம் சந்தையில் முன்பின் தெரியாத ஒருவர் மறித்து, "மதில் உடைச்ச மாஸ்ரர் நீங்கள்தானே?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பாப்பம் மாஸ்ரர் என்ற பெயர் ஒரு கிழமைக்குள் இல்லாமல் போனது. அந்தப் புதுப் பெயரை வைத்துக்கொண்டு சில காரியம் செய்தேன், அதையும் மறைக்கவில்லை. வாய்க்காலுக்குக் குறுக்கே இனி மதில் எழும்பாது என்று கூட்டத்தில் சொன்னேன். வாக்கெடுப்பு இல்லை, குழுவில் போடவும் இல்லை. முகம் சுழித்தவர்கள் சுழித்தார்கள். குமாரண்ணை முகம் சுழிக்கவில்லை. வருடாந்தக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்துவதாக நிர்வாகக் குழு தீர்மானித்தது. பதினொரு கையும் உயர்ந்தன.

தேவனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறு நாள் சாந்தினி வீட்டுக்குப் போனேன். நிர்வாகக் குழுவுக்கு வரும்படி கேட்கத்தான் போனேன். சுவரில் வெள்ளம் நின்ற அடையாளம் என் தொடை மட்டத்தில் கோடாகக் கிடந்தது. கட்டில் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கதிரை ஒன்றைத் துடைத்துப் போட்டாள்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

"மாஸ்ரர், பேப்பரிலை தொடர் எழுதுறனீங்களாம்."

"ஓம் பிள்ளை."

"நீங்கள்தான் மதிலை உடைப்பிச்சனீங்கள் எண்டு எல்லாரும் சொல்லுகினம். என்னட்டை வந்தும் சொல்லுகினம்." தேத்தண்ணிக் கோப்பையை எனக்கு முன்னால் வைத்தாள். "எத்தினை மணிக்கு உடைச்சவர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

பொன்னாடைக்கு வரமாட்டேன் என்று அன்றைக்கே சிவநேசனிடம் சொல்லிவிட்டேன். இதை எழுத யாரையும் கேட்கவில்லை, ராணியைக்கூட.

சாந்தினி எனக்குப் போன் எடுத்தது காலை ஆறரைக்கு. மதில் உடைந்தது ஏழு இருபதுக்கு.